நாலாவது குழாய்

என் அம்மா சொர்ணத்துக்குக் கோபமே வராது என்று ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபப்படுவதற்கு அவளுக்கு நேரம் கொடுத்தவர்கள் யார்?

பன்னிரண்டு வருஷமாக கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே சட்டைகளைப் புரட்டிப் பிசிறு பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்குள் இரண்டு முட்டியும் போய்விட்டன. வீட்டுக்கு வந்ததும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போவாள். வலிக்கிறதா என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. நானும்தான்.

எங்கள் கக்கூஸில், உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு குழாய் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை அது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் அப்பா, "உனக்கு முரட்டுக் கை சொர்ணம். மெதுவா திருப்புனா என்னா?" என்று திட்டுவார். அம்மா துடைப்பத்தை எடுத்துத் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவாள்.

2002இல் பாத்ரூமையே இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் டைல்ஸ் கடைக்குப் போனோம். சுவருக்கு வெறும் இளநீலமா, பூப்போட்ட பார்டரா என்று நானும் அப்பாவும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். தரைக்குப் பளபளவென்று மின்னும் டைலாகப் பார்த்து அப்பாவே எடுத்துவைத்தார். அப்போதுதான் அம்மா, "ஏங்க, வெஸ்டர்ன் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சீக்காளிங்களுக்கு. நம்ம வீட்ல யாருக்கு என்னா கேடு?" என்ற அப்பா கடைக்காரரிடம் திரும்பினார். "இந்தியன் மாடலே குடுங்க. நல்லா கெட்டியா ஒரு டேப்பும் வேணும். இவ கையில மாட்டுனா எதுவும் தாங்கறதில்ல."

அவ்வளவுதான்.

"டேப் மேல என்னாங்க தப்பு?" அம்மா போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. "உக்காந்தா எந்திரிக்க முடியல. அதப் புடிச்சுத் தொங்கித்தான் தெனம் எந்திரிக்கிறேன். மூணு டேப் புடுங்கிட்டு வந்துச்சே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? கக்கூஸ் போவணுமேன்னு வேலையில தண்ணிகூட குடிக்கறதில்ல. சீக்காளியாம், சீக்காளி!"

பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் பூ பாத்தது போதும்டி."

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"எல்லாரும் பாக்கறாங்க சொர்ணம். வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்," என்று அப்பா முணுமுணுத்தார். அப்போதும் அவருக்கு அதுதான் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அம்மா முட்டியைப் பிடித்தபடியே நடந்துபோய், மாதிரிக்கு வைத்திருந்த வெள்ளை வெஸ்டர்னின் மூடிமேல் உட்கார்ந்தாள். பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி மாட்டியிருந்தது. "இதுக்கும் இந்தக் கம்பிக்கும் பில் போடுங்க. போடற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்," என்றாள்.

என்ன செய்வது என்று கடைக்காரர் ஊர் பாஷையான கன்னடத்தில் அப்பாவைக் கேட்டார். அம்மாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்: "அவரை ஏன் கேட்கிறீர்கள்? முட்டி என்னுடையது."

பில் புத்தகம் வந்தது. அப்பா கிட்டே போய், "எழுதறாரு பாரு, எந்திரி," என்று கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைத் தொடவில்லை. ஸ்டீல் கம்பியை ஒரு முறை பலமாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தரைக்கு சொரசொரப்பா இருக்கறத காட்டுங்க," என்றாள்.