எங்கள் தோட்டத்தின் இன்னொரு பெயர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் நமுனுகுலப் பக்கம் மழை விடாமல் பெய்த வாரம் அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்புக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று தெரியவில்லை. மண்சரிவு எச்சரிக்கையில் நாங்கள் இருக்கிறோமா என்று பார்க்க, போனில் "கல்லுமலைத் தோட்டம்" என்று தேடினேன். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லுமலை வந்தது. வேறொரு தேடுபொறியில் பழைய மண்சரிவுப் படங்கள்தான் வந்தன.

"போனுக்கே நம்ம தோட்டம் தெரியல, மலைக்கு மட்டும் தெரியுமா? பேசாம இரு புள்ள" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. கல்லுமலை என்பது நாங்கள் கூப்பிடும் பெயர். தொழிற்சாலைப் பலகையில் இருப்பது அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர். அதை எழுத்துக்கூட்டி அடித்து, இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டு, அன்றைய செய்தி மட்டும் வரும்படி தேடினேன். ஒரே ஒரு பக்கம் வந்தது. வெளியேறச் சொன்ன இடங்களில் எங்கள் தோட்டமும் இருந்தது.

"என்னங்க, நம்ம பேரு இருக்கு."

அவர் மாமியாரைக் கம்பளியில் சுற்றி முதுகில் ஏற்றிக்கொண்டார். கூச்சத்தை விட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். போனை வாங்கிப் பார்த்தார்.

"கல்லுமலைன்னு இதுல எங்க போட்டிருக்கு? நீ போ, நாங்க வரல."

மறுநாளும் மழை விடவில்லை. மேடு இன்னும் சரியவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், அவர்கள் லயத்தில் இருந்தார்கள்.