தம்பியார் தேடிய சிறு தோட்டாக்கள்

நஞ்சைத் தன் கண்டத்திலேயே நிறுத்தி, அது உலகிற்கு எட்டாமற் காத்த பெருமானின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி, எங்கள் அருமைத் தம்பியாரைப் பற்றி இச்சிலவற்றை எழுதுகிறேன்.

தம்பியார் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் பெற்றோருக்குக் கடைசி மகவாகப் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் ஒரு மாலை, வாசற் படலையடியில் யாரோ கூப்பிட, எங்கள் தகப்பனாரான ஐயா எழுந்து போனார். தம்பியார் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரேயொரு வெடிச் சத்தம். அதன்பின் எங்களுக்கு ஐயா இல்லை.

அகதியாக யேர்மனிக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பின்னர் ஹம் நகரில் ஒரு களஞ்சியத்தில் நிரந்தர வேலை பெற்றார். மனைவியாரை நோய்க்குப் பறிகொடுத்தபின் ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தார். புத்தாண்டு வாணங்கள் வெடிக்கும் வேளையில் நிலவறைக்குள் இறங்கி, திருநீறு பூசிப் பதிகம் ஓதுவார். அது எங்கள் சைவ வழக்கம் என்றே பிள்ளை நெடுங்காலம் நம்பியிருந்தாள். ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தச் சத்தம் இன்னும் முடியேல்லை அக்கா. என்னோடயே அது முடிஞ்சு போகோணும். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

பதினான்கு வயதில் பிள்ளை, பள்ளித் தோழியோடு போய், ஊரிலுள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர விரும்பினாள். அங்கே வானில் எறியும் மண்தட்டுகளைச் சுட்டு வீழ்த்துவார்கள். சம்மதக் கையொப்பம் கேட்டபோது தம்பியார் ஒப்பமிட்டார். ஏன் மறிக்கவில்லை என்று நான் கேட்டேன். "மறிச்சால் விட்டிடுவாள். ஆனால் ஏன் எண்டு கேப்பாள். அதைத்தானே அக்கா நான் சொல்லேலாது."

பெரியவர்களின் துப்பாக்கி உதைத்து அவள் தோள் கன்றிப் போயிற்று. பயிற்றுநர் சிறுவர்க்கான ஒடுங்கிய குழல் துப்பாக்கியொன்றைக் கழகத்திலிருந்து கொடுத்தார். அவள் கைக்கு அளவாக அமைந்த முதல் துப்பாக்கி அது. ஆனால் பெரிய தோட்டாக்கள் எங்கும் மலிவாகக் கிடைக்க, அந்தச் சிறு தோட்டாக்களைச் செய்வோரே சிலர்; விலையோ அதிகம். கட்டாது என்று மற்றப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினர்.

வெடியென்றால் உடல் நடுங்கும் மனிதர், வெடிமருந்து தேடிப் புறப்பட்டார். வாங்கும் அனுமதி பயிற்றுநரிடமே இருந்ததால், சனிக்கிழமைதோறும் அவரோடு கடை கடையாக அலைந்தார். சத்தம் குறைந்த தோட்டா உண்டா என்று ஓரிடத்தில் கேட்டாராம். சுடுகிறவளுக்கு உதைப்பைக் குறைக்கலாம், சத்தத்தைக் குறைக்க வழியில்லை என்றாராம் கடைக்காரர்.

ஹம் நகரின் ஊன்ட்றொப் பகுதியிலுள்ள எங்கள் கோயிலின் அன்னதானத்துக்குப் பல குடும்பங்களின் பங்கைச் சேர்த்து அரிசியை மொத்தமாக எடுப்பிப்பவர் தம்பியார். அந்த வழியையே இங்கும் கையாண்டார். அயலூர்க் கழகங்களிலும் சிறு துப்பாக்கி பழகும் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிச் சேர்த்து, ஒன்றாக ஓடர் கொடுக்க வைத்தார். விலை இறங்கிற்று, நின்ற பிள்ளைகள் திரும்பினர். 'அரிசி வியாபாரி' என்று கழகத்தார் பகிடி பண்ணுவர். "அரிசியெண்டால் வீட்டை கொண்டுபோய் வைக்கலாம், இதை உங்கட இரும்பு அலுமாரியிலதான் பூட்டோணும்" என்று இவரும் திருப்பிக் கொடுப்பார்.

ஆனால் ஒருநாளும் அவள் சுடுவதை அவர் பார்த்ததில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். தன்னை நினைத்து அப்பா வெட்கப்படுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள். தம்பியார் நோயுற்றிருந்த இறுதிக் கிழமைகளில், வைத்தியசாலைக் கட்டிலருகே அமர்ந்திருந்தபோதும், அந்த எண்ணத்தோடுதான் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

தகனத்தன்று கழகத்தார் பச்சை மேலங்கியும் கொடியுமாக வந்தனர். தமக்கு உழைத்தவருக்குத் தகனசாலை வாசலில் மூன்று வெடி தீர்த்து மரியாதை செய்வது அவர்கள் வழக்கம். பயிற்றுநர் கண்கலங்கி என்னிடம் அனுமதி கேட்டார். பிள்ளை என் சேலையைப் பற்றினாள்.

"மாமி, அப்பாவுக்கு அது விருப்பமாய் இருக்குமோ?"

தம்பியார் கேட்டுக்கொண்டதை என்னால் அதற்குமேற் காக்க முடியவில்லை. படலையடியில் நடந்ததையும், அந்தச் சத்தம் தன்னோடு முடியவேண்டுமென்று அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்ப என்னில வெட்கமில்லையோ?"

"இல்லையம்மா. உன்னில இருந்த ஆசையிலதான் அங்க வந்து இருந்தவர்."

"அப்ப இனி அந்தச் சத்தம் என்னட்டை இருக்கட்டும், மாமி" என்றவள், பயிற்றுநரிடம் போய் யேர்மன் மொழியில் மெல்ல ஏதோ சொன்னாள்.

தம்பியாரின் நோய்க்காலத்தில் உணவு சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும், இரவு பகலாகப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், துயரில் தோள்கொடுத்த கோயில் அடியார்களுக்கும் எங்கள் கூப்பிய கரங்கள். கழகத்து அன்பர்களே, நீங்கள் தீர்க்காமல் விட்ட அந்த மூன்று வெடிகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம். சத்தமின்றி மூன்று முறை கொடியைத் தாழ்த்தினீர்கள். அந்த ஒவ்வொரு முறையும் பிள்ளையின் தோள் திடுக்குற்று அதிர்ந்ததை, அருகில் நின்ற நான் கண்டேன்.

அன்னாரின் மூத்த சகோதரி