உள்வீதியில் ஒரு கொழுந்துக்கூடை

முன்பள்ளி ரீச்சர் சுமித்திராவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, வேலைதான் நடக்கும். துணுக்காய்ப் பக்கத்துப் பழைய பிள்ளையார் கோயிலின் உள்வீதிப் பிரகாரத்தில் ஊர்ப் பழம்பொருள் கண்காட்சி என்று முடிவானதும், அதை ஒழுங்குபடுத்தும் பாரமும் அவள் தலையில்தான் விழுந்தது. வீடு வீடாகப் போய்க் கலப்பை, பெட்ரோமாக்ஸ் எல்லாம் சேர்த்தாள். தாய் ராக்காயி தேயிலை பறித்த கொழுந்துக்கூடையையும் கொண்டுவந்தாள். எழுபத்தேழாம் ஆண்டு தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தபோது ராக்காயியின் முதுகில் மிஞ்சியது அது ஒன்றுதான். பிறகு எத்தனை இடம்பெயர்வு! கூடையை மட்டும் கிழவி விடவில்லை.

கோயில் தலைவர் கதிர்காமநாதன் நல்ல மனிதர்தான். ஆனால் கூடையைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"ரீச்சர், இது தோட்டத்துச் சாமானெல்லோ? எங்கட ஊரின்ர இல்லையே. வைக்கிறதெண்டால் கடைசியில வையுங்கோ."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் ஊர் ஆகவில்லையா? "ஓம் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

வாசலுக்கு வலக்கைப் பக்கம் மின்சார பிளக் இருந்ததால், 'ஆரம்பம்' என்ற லைற் போர்டைத் தலைவரே அங்கே கொழுவச் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்குமே! சுமித்திரா வாயைத் திறக்கப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கூடை சுற்றின் முடிவில், வாசலுக்கு இடக்கைப் பக்கம் போய் இருந்தது.

திறப்பு நாளன்று சனம் கால் கழுவி உள்ளே வந்தது. வந்த சனம் வழக்கம்போல இடக்கைப் பக்கத்தால் சுற்றத் தொடங்கியது. எல்லாருடைய கண்ணும் முதலில் கூடையில்தான் விழுந்தது.

"இங்கால வாங்கோ, இங்கால!" என்று தலைவர் கத்தினார்.

"கோயிலுக்குள்ள ஆரும் எதிர்ப்பக்கமாச் சுத்துவினமோ?" என்றாள் அவர் மனைவி கமலேஸ்வரி. பிறகு கூடையைத் தடவிப் பார்த்து, "இது ஆரின்ர?" என்று கேட்டாள்.

கோயிலில் ஒருநாளும் வாய் திறக்காத ராக்காயி முன்னால் வந்தாள்.

"என்னோடதும்மா. இந்த ஊருக்காகத் தலைவர் ஐயாவோட காட்ட வெட்டுனப்ப கஞ்சிப்பானைய இதுலதான் சொமந்துக்கிட்டு வந்தேன். ஐயாவும் எங்ககூட ஒக்காந்து குடிச்சாங்க."

சனம் தலைவரைப் பார்த்தது. அவர் கிட்ட வந்து கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓம், குடிச்சனான்," என்றார் கடைசியில். "உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."