நான் தின்ற முறுக்கும் என் முகப்பருவும்

அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் கன்னத்தில் காய்ந்து தோலைச் சுண்டி இழுக்கும்போது வாயைத் திறந்து சிரிக்க முடியாது. பதினைந்து வயதில் பெரும்பாலான மாலைகளை நான் அப்படித்தான், பச்சை முகத்தோடு, சிரிக்காமல் கழித்தேன். கண்டி மஹய்யாவையில் எங்களுக்கு அடுத்த வீட்டிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் பருக்களுக்கெல்லாம் காரணம் 'எண்ணெய்த் தீனி' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு வடை இல்லை, கச்சான் கடலை இல்லை, மாம்பழம்கூட இல்லை. அதே சட்டியில் பொரித்ததைத் தின்ற என் அக்காவின் முகமோ வழவழவென்றிருந்தது. புதிதாக ஒரு பரு எழும்பினால், "ஒளிச்சுத் தின்னுருக்கா, மூஞ்சியே சொல்லுது" என்பார் அத்தை. தின்னாத பண்டத்துக்காக நான் தினமும் திருடியானேன்.

அந்தத் தீபாவளிக்கு வத்தேகமவிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். அம்மா நீட்டிய முறுக்குத் தட்டு என்னிடம் வந்தபோது அத்தை அதைப் பிடித்து நிறுத்தினார்.

"இவளுக்கு வேணாம். அப்புறம் யாரு கட்டிக்குவா?"

எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறுக்காக, சத்தம் கேட்கக் கடித்துத் தின்றேன்.

"பரு என் மூஞ்சியிலதான வருது அத்த. ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

அம்மா கையை ஓங்கினார், அடிக்கவில்லை. அடுத்த வாரம் டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "முறுக்கை மட்டும் குற்றம் சொல்லேலாது. தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி?" என்று கேட்டார். நான்கு. அதுவும் பால்மா கலந்து, நாளுக்கு நான்கு தடவை, 'சூடு தணியும்' என்று அத்தையே ஊற்றிக் கொடுத்தது.

"சீனியும் பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டும், எல்லாருக்கும் இல்லை. குறைச்சுப் பாருங்கோ, இந்த மருந்தையும் பூசுங்கோ. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை அம்மா."

திரும்பும்போது பஸ் நிலையத்தில் அம்மா இரண்டு பருப்பு வடை வாங்கி ஒன்றை என் கையில் வைத்து, "தின்னு" என்றார்.

மருந்து பூசினேன், சீனியைக் குறைத்தேன். பரு கொஞ்சம் அடங்கியது, முழுதாகப் போகவில்லை. அத்தை கடைசிவரை தன் தீர்ப்பை மாற்றவில்லை, நானும் முறுக்கை விடவில்லை.

இருபது வயது தாண்டியதும் பருக்கள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டன. அத்தையும் போய்விட்டார், அந்த வீடுகளை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கன்னத்தில் குழிகள் மட்டும் இருக்கின்றன. போன மாதம் அலுவலக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டூடியோக்காரர் "கொஞ்சம் கிளீன் பண்ணிரவா மிஸ்?" என்று கேட்டபடியே திரையில் ஒரு குழியை அழித்துவிட்டார்.

"அதத் திரும்ப வைங்க" என்றேன்.