கணக்குக் குழு எங்கள் கிளினிக்குக்கு வந்த நாள்

முதலில் போனது தூக்கம். அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் மசாலா மொத்தக் கடை ஒன்றில் பில் போடுகிறேன். தூங்காமல் வந்து இரண்டு ஆள் வேலையைச் செய்தபோது முதலாளி தோளில் தட்டிப் பாராட்டினார். அடுத்த வாரம் சுள்ளிக்கல் ஜங்ஷனில் நின்று கையைக் காட்டி வண்டிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். பஸ்காரர்களும் கொஞ்ச நேரம் கேட்டார்கள்!

தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அம்மா கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "படிச்சுப் படிச்சு தலை சூடாயிடுச்சு" என்றார்கள் அக்கம்பக்கத்தில். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பெருக்கும் தெருவிலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தது. மாதம் ஒருமுறை அங்கே கிளினிக் நடத்த மனநல மருத்துவர் வருவார் என்று தெரிந்து, என்னை அங்கே கூட்டிப்போனார்.

இருமுனைக் கோளாறு (மனம் ஒரு காலம் கட்டுக்கடங்காத வேகத்திலும், ஒரு காலம் எழ முடியாத சோர்விலும் கிடக்கும் நோய்) என்றார் டாக்டர். "சுகர் மாதிரிதான் மோனே. மருந்தை விடாம எடு. வேலை, கல்யாணம், பெண்டாட்டிகூடச் சண்டை, எல்லாம் முறைக்கு நடக்கும்."

லித்தியம் (மனநிலை ஏறவும் சரியவும் விடாமல் பிடித்துவைக்கும் மருந்து) எனக்கு ஒத்துக்கொண்டது. அது ரத்தத்தில் அளவோடு இருக்க வேண்டும். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

பிறகு அந்த டாக்டருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மருந்து ஜன்னலில் "ஸ்டாக் இல்ல, அடுத்த மாசம் நோக்காம்" என்றார்கள். எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் லீவு கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கடையில் நோயைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லாதபோது போவதை நிறுத்தினேன். மாத்திரை தீர்ந்தது. இந்த முறை சோர்வு. அம்மா வேலைக்குப் போகுமுன் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போவார்.

கடனோ உடனோ வாங்கி, வெளியில் மருந்து வாங்கிக் கொடுத்து என்னை எழுப்பியது அவர்தான். நான் மறுபடி வேலைக்குப் போன சமயத்தில்தான் கிளினிக்கையே மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதைப் பார்க்க சட்டசபைக் கணக்குக் குழு (அரசுப் பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்று விசாரிக்கும் எம்எல்ஏக்கள்) வருகிறதாம்.

அம்மாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பழக்கம். என் வெள்ளைச் சட்டை, வேட்டியை இஸ்திரி போட்டு, பையில் பேனாவும் குத்திவிட்டார்.

"பேனா எதுக்கும்மா?"

"கிடக்கட்டும்டா, ஒரு மரியாதைக்கு. யார் கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு. அதான் முறை."

ஆஸ்பத்திரிக்கு வந்த குழுவின் தலைவர் ஒரு வயதான பெண்மணி. அதிகாரி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்: "ரோகிகள் வர்றதில்ல மேடம். அதான் நிறுத்தலாம்னு." தலைவர் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் பேனாவோடு நின்ற என்மேல் கண் விழுந்தது.

"நீங்க சொல்லுங்க. எந்த செக்‌ஷன்?"

காய்ச்சல் டோக்கனோடு நின்றவர்களில் எங்கள் கடையில் மூட்டை தூக்கும் சேட்டனின் மனைவியும் இருந்தார். நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் கடைக்குப் போய்விடும். திறக்காவிட்டால் கிளினிக் போய்விடும்.

"நான் ஸ்டாஃப் இல்ல மேடம். இங்கத்த ரோகி. மனசுக்கு மருந்து வாங்குறேன்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, முகத்தில் இரக்கத்தையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "அப்போ சரியான ஆளைத்தான் கேட்டிருக்கேன். இரிக்கு, உட்காருங்க. மாத்திரை கிடைக்காதப்போ என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். அதிகாரி குறுக்கிட்டபோது தலைவர் "அவர் முடிக்கட்டும்" என்றார். நான் திக்கிய இடத்தில் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "வராம இல்ல மேடம். வந்து, வந்து திரும்பிப் போறோம்." பெஞ்சிலிருந்து இன்னும் சிலர் எழுந்தார்கள்.

தலைவர் அதிகாரியிடம் திரும்பினார். "சபை இதுக்குப் பணம் ஒதுக்கியிருக்கு. டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல. ஆள் வரலன்னு எப்படிச் சொல்றீங்க?" குரலை உயர்த்தவே இல்லை.

சட்டசபை என்றால் டிவியில் பார்க்கும் கூச்சல் என்றே நினைத்திருந்தேன். என் மாத்திரை வந்து சேர, எங்கோ ஒருவர் இப்படிப் பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரியாது. ஜன்னலில் நின்று திரும்பிய யாராவது இதைப் படித்தால், உங்களிடம் கேட்கப்படும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

உடனே எதுவும் மாறவில்லை. ஆனால் கிளினிக்கை மூடவில்லை. சில மாதங்களில் ஒரு இளம் டாக்டர் வந்தார், மருந்தும் வந்தது. கடைக்குச் செய்தி அன்றே போயிருந்தது. "நேரத்தே பறஞ்சிருந்தா என்ன? கிளினிக் நாள்ல உச்சைக்கு மேல, மத்தியானமா வா" என்றார் முதலாளி. சிலர் என்னோடு சாயா குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மூட்டை தூக்கும் சேட்டன் மட்டும் லீவு கிடைக்காத நாளெல்லாம் "எம்எல்ஏகிட்ட நமக்கும் ஒண்ணு சொல்லுடா" என்று வம்பிழுப்பார்.

மருந்தால் கை லேசாக நடுங்குகிறது, தாகம் அதிகம். டாக்டரிடம் சொன்னேன். பரிசோதித்து, ரத்தத்தில் அளவு சரிதான் என்றார். இந்த உடம்பைக் கொஞ்சம் கவனித்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வேகத்தில் இருந்தபோது நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. சோர்வில் ஒரு காலைப்பொழுது முடியவே முடியாது.

போன வாரம் பள்ளுருத்தியில் சட்டை தைக்கக் கொடுத்தேன். தையல்காரர் ஒரு மாதம் ஆகும் என்றார். சரி என்று சொல்லி வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன், ஒரு மாதம் கழித்து எப்படி இருப்பேனோ என்று நான் யோசிக்கவே இல்லை.