பொது சைக்கிளில் ஒரு கர்ச்சீப்

போன செவ்வாய்க்கிழமை ஆம்பூரில் சாயங்கால ரயிலைக் கோட்டை விட்டேன். ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் வரவில்லை!

நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி, ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல். காட்பாடிப் பக்கமிருந்து தினமும் ரயிலில் வருகிறவர்கள் இருபது பேருக்கு மேல். வாடகை சைக்கிள் எடுக்கலாமே என்பீர்கள். கடைக்காரர் தெரிந்த முகத்துக்குத்தான் கொடுப்பார் – பெண்கள் கேட்டால் அதுவும் கிடையாது.

அதனால் எங்கள் மேனேஜர் பாயை நச்சரித்தேன். கம்பெனியே பத்து சைக்கிள் வாங்கட்டும். காலையில் ஸ்டேஷனில் எடு, கம்பெனி ஷெட்டில் விடு. சாயங்காலம் எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் திரும்பு. யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது... செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் லெக்சர் அடித்தேன். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். கொஞ்சம் பெருமை இருக்காதா, பின்னே?

அந்த அடம் ஸ்டெல்லாவை நினைத்து. ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை. ஆறு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள். அந்த ரயிலை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. அதுவரை குழந்தை பாலுக்கு அழும்.

சைக்கிள்கள் வந்தன. ஒரு வாரம் ஒழுங்காக ஓடின. ஆனால் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டே வளர்ந்த ஜனங்கள் இல்லையா நாம்? காலையில் ஷெட்டில் விட்ட கையோடு, சீட்டில் கர்ச்சீப்பைக் கட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்கு ரிசர்வேஷன்!

சைக்கிள்தான் காத்திருக்கிறதே, என்ன அவசரம்? ஆபீஸ்காரர்கள் டீ குடித்து, அரட்டை அடித்து, நிதானமாகப் புறப்பட்டார்கள். கம்பெனியின் கடைசி விசிலுக்கு வெளியே வரும் ஸ்டெல்லா, முண்டாசு கட்டி நிற்கும் சைக்கிள்களைத் தாண்டி ஓடுவாள். இரண்டு தடவை ரயிலை விட்டாள் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை டீ கிளாஸோடு ஷெட் பக்கம் வந்தேன். ஸ்டெல்லா ஒரு சீட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்.

என்னுடையது. ஆமாம்... நானும்தான் கட்டினேன். எல்லாரும் கட்டும்போது நான் மட்டும் இளிச்சவாயனா?

அவள் பதறவில்லை. கர்ச்சீப்பை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“பொது சைக்கிள்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நான் நம்பிட்டேன்.”

ஏறி மிதித்துப் போய்விட்டாள். ரயிலைப் பிடித்தும் விட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்ற சைக்கிள்களைத் தொட மனசு வராமல் இரண்டு மைலும் நடந்தேன்.

வழியெல்லாம் முகத்தில் அசடு வழிந்தது – நல்லவேளை, துடைத்துக்கொள்ளக் கையில் கர்ச்சீப் இருந்தது!