அருளப்பன் அடித்த வரி

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பியூன் முனிசாமி அறை வாசலில் வந்து சும்மா நின்றார். என்ன என்று அதட்டினேன். "அருளப்பன் சார் போயிட்டாருங்க," என்றார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அல்சூரில் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன். வண்டி பிடிக்கத் தோன்றவில்லை.

அவரும் நானும் கல்லூரியில் பல வருஷம் எதிரெதிர் மேஜையில் இருந்து சரித்திரம் நடத்தினோம். ஐரோப்பாவில் மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பத்திரிகையைப் படித்துவிட்டு நான் மேஜையைத் தட்டிப் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்: "அங்க விழுந்ததைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க சார். நம்ம வார்டுல ஜனங்க ஓட்டுப் போட வர்றதையே நிறுத்திட்டாங்க. அது ஏன்னு யார் எழுதறது? சுயராஜ்யம் வந்தப்புறம் கேட்டா லேட்டாயிடும்."

எங்கள் ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை முடிந்ததும், எங்கள் வார்டிலிருந்த ஜோகுபாளையத்தில் வீடு வீடாகப் போவோம். ஏன் ஓட்டுப் போட வரவில்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அவர் எழுதுவார். எழுந்திருக்கும் முன் முழுவதையும் அவர்களுக்கே படித்துக் காட்டுவார். ஏதாவது வேண்டாம் என்றால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை போய்விடும்.

தையற்காரர் மாணிக்கத்தை அங்கேதான் சந்தித்தோம். பட்டாளத்து உடுப்பு தைப்பவர். தேர்தலன்று சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போயிருக்கிறார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இறந்துவிட்டார் என்று குறித்திருந்தது. "செத்தவன் எதுக்குய்யா வந்தேன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். இனிமே போக மாட்டேன்," என்றார். அதோடு, இது வார்டு மெம்பருடைய ஆட்கள் செய்த வேலை என்றும் சொன்னார். படித்துக் காட்டியபோது அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். உடுப்புக் காண்ட்ராக்டும் அதே மெம்பர் கையில்தான் இருந்தது. அருளப்பன் அடித்துவிட்டார்.

கேட்டதையெல்லாம் சேர்த்து ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு இருவரும் எழுதிய கட்டுரையை அச்சுக்குச் சுத்தப்பிரதி எடுத்தவன் நான். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்த வரி தெளிவாகத் தெரிந்தது. கட்டுரைக்கே உயிர் அதுதான் என்று நினைத்தேன். மாணிக்கத்தின் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டேன். அருளப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையை எழுதக் கூட்டாளியிடம் என்ன அனுமதி என்ற திமிர்.

கட்டுரை வெளிவந்த சில நாட்களில் மாணிக்கத்துக்கு உடுப்பு வேலை நின்றது. அடுத்த ஞாயிறு நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அருளப்பன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி நடக்கும்போது சொன்னார்: "மெம்பர் மேல நம்பிக்கை போனதுக்குக் காரணம் தேடி வந்தோம். இப்ப நம்ம மேலயும் போயிடுச்சு. அதையும் நாமதான் எழுதணும்."

எழுதினார். அடுத்த இதழில் எங்கள் இருவர் பெயரிலும் வருத்தம் தெரிவித்தார். தப்பு என்னுடையது, என் பெயர் போதும் என்றேன். கட்டுரையில் இரண்டு பெயர் இருந்ததே என்று முடித்துக்கொண்டார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, சாத்திய கதவுகளுக்கு முன்னால் நின்று தமிழில் உரக்கப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. இப்படி எத்தனையோ ஞாயிறு. பட்டியலில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கும் மனுக்களையும் தெருவாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். முதலில் ஒரு கிழவர் வந்தார், பிறகு இரண்டு பேர். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாணிக்கம் வந்து, "என்னையும் உயிரோட எழுதுங்க சார்," என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். உடுப்பு வேலை மட்டும் அவருக்குத் திரும்பவே கிடைக்கவில்லை. மாதாகோயில் அங்கிகளைத் தைத்துக் காலத்தை ஓட்டினார். அந்தக் கணக்கு என் தலையில்தான் இருக்கிறது.

வியாழனன்று அருளப்பன் வீட்டு முற்றத்தில் மாணிக்கத்தைப் பார்த்தேன். அருளப்பனுக்குக் கடைசியாகப் போட்டிருந்த கோட்டைத் தைத்தவர் அவர்தானாம். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அருளப்பனின் நோட்டுகளை அவர் மனைவி பிலோமினா அம்மாள் என்னிடம் கொடுத்திருக்கிறார். சிவப்புக் கோடுகள் நிறைந்த நோட்டுகள். அந்தக் கோடுகளுக்கு அடியில் நான் படிப்பதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாணிக்கத்துக்கும் அந்த அம்மாளுக்கும் முழுவதும் படித்துக் காட்டினேன். மாணிக்கம் இருக்கட்டும் என்றார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி நாட்களைப் பற்றிய ஒரு வரியை மட்டும் வேண்டாம் என்றார். நான் எழுதியதிலேயே நல்ல வரி அது. அடித்துவிட்டேன்.